ஒரு பள்ளிக்கு 15 பேர்: ‘அழகிய மரம்’ அட்டவணைகளை வாசிப்பது எப்படி?

தரம்பாலின் ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ (தமிழில் ‘அழகிய மரம்’) புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கும் அதிலிருந்து ஒரு தகவல் தெரிந்திருக்கும். 200 வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளில் படித்தவர்களில் 70, 80 சதவீதம் பேர் சூத்திரர்கள். பிராமணர்கள் மட்டும்தான் படித்தார்கள் என்பது கட்டுக்கதை. வாட்ஸப்பில் சுற்றும்போது இதோடு இன்னொரு வரியும் ஒட்டிக்கொள்ளும்: ஆகவே, கல்வியில் சாதித் தடை என்று ஒன்று இருந்ததே கிடையாது.

முதல் தகவல் ஆவணத்தில் இருக்கிறது. பொய் இல்லை. ‘ஆகவே’ என்று தொடங்கும் வரி ஆவணத்தில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. தரம்பாலைத் திட்டுவதற்காக எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்த வேலை பெரியது. ஆனால் அவர் அட்டவணையை வாசித்த விதத்திலும், அவரை வாசித்தவர்கள் அதை இழுத்த விதத்திலும் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அதே பிழையை இன்று நம் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் விஷயத்திலும் செய்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

கணக்கு எப்படி எடுத்தார்கள்?

மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25-ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதினார். இந்த மாகாணத்தில் கல்வியின் நிலை என்ன என்று நம்மிடம் எந்தப் பதிவும் இல்லை, எல்லோரும் ஊகமாகப் பேசுகிறோம், கணக்கு எடுங்கள் என்பது அதன் சாரம். ரெவின்யூ போர்டு வழியாக எல்லாக் கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் போனது. பள்ளி எத்தனை, படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். மாணவர்களைப் பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லாச் சாதியினர், முசல்மான் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் தனியாக எழுதவேண்டும். கடைசியில் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை.

பதில்கள் 1825 வரை நிதானமாக வந்துசேர்ந்தன. சில கலெக்டர்கள் படிவத்தை நிரப்பி அனுப்பியதோடு சரி. பெல்லாரி கலெக்டர் கேம்பெல் போன்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கன்னட (கனரா) மாவட்டத்துக் கலெக்டர் இதற்கெல்லாம் நேரமாகும் என்று எண்களே அனுப்பவில்லை. டேட்டா சேகரிக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகின காட்சிதான்.

எல்லாவற்றையும் வைத்து மன்றோ 1826 மார்ச் 10-ஆம் தேதி தொகுப்புக் குறிப்பு எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள், கல்லூரி என்று அவர்கள் குறித்தவையும் சேர்த்து, 12,498. படிப்பவர்கள் 1,88,650 பேர்.

தரம்பால் இந்தக் கலெக்டர் கடிதங்களையும் அட்டவணைகளையும் தேடியெடுத்து, பின்னிணைப்பாக அப்படியே அச்சிட்டார். புத்தகம் வந்தது 1983-ல். இன்றைக்கும் புத்தகத்தின் மிகப் பெரிய மதிப்பு அந்தப் பின்னிணைப்புதான். நான் முன்னுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, அட்டவணைகளை எக்செல்லில் ஏற்றத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

15 என்ற எண்

1,88,650-ஐ 12,498-ஆல் வகுத்துப் பாருங்கள். 15 வரும். அதாவது சராசரியாக ஒரு பள்ளிக்கு 15 பிள்ளைகள். பெல்லாரியில் இன்னும் குறைவு: 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள். பள்ளிக்கு 12 பேர் என்று கேம்பெல்லே எழுதுகிறார். 9,27,857 பேர் வாழ்ந்த மாவட்டத்தில் ஆயிரத்துக்கு ஏழு பேர்கூடப் பள்ளியில் இல்லை என்றும் சேர்த்து எழுதுகிறார்.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் இவ்வளவுதான். ஒரு வாத்தியார், 12 அல்லது 15 பையன்கள், ஆளுக்கொரு நிலையில் படிப்பு. ஒருவன் மணலில் ‘அ’ எழுதுவான், இன்னொருவன் ஓலையில் கணக்குப் போடுவான். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த முறையைத்தான் எழும்பூர் ஆண் அநாதைகள் விடுதியில் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதை அங்கே புதுமை என்று கொண்டாடினார்கள். இந்த இடத்தில் தரம்பாலுக்கு இருக்கும் பெருமிதம் நியாயமானது.

வாத்தியாரின் வருமானம்? மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் பொதுவாகக் கிடைப்பதில்லை என்கிறார் மன்றோ. அதைப் பெரும்பாலும் பெற்றோர்தான் கொடுத்தார்கள். ஆகப் பள்ளியில் இருந்த அந்த 15 பேர், யாருடைய வீட்டில் வாத்தியாருக்குக் கொடுக்க ஏதாவது இருந்ததோ, யாருடைய பையன் வயலுக்கோ மாட்டுக்கோ போகாமல் இருக்க முடிந்ததோ, அந்த வீட்டுப் பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

84 சதவீதம் எதில்?

சரி, சர்ச்சைக்குரிய எண்ணுக்கு வருவோம். தமிழ் பேசும் மாவட்டங்களில் சூத்திரரும் ‘மற்ற எல்லாச் சாதியினரும்’ சேர்ந்து, சேலம், திருநெல்வேலிப் பக்கம் சுமார் 70 சதவீதத்திலிருந்து தென்னார்க்காட்டில் 84 சதவீதத்துக்கு மேல் வரை இருந்தார்கள் என்று தரம்பால் தொகுக்கிறார். பிராமணரும் வைசியரும் சேர்ந்து தென்னார்க்காட்டில் 13 சதவீதம், மெட்ராஸில் 23 சதவீதம் அளவில். தெலுங்கு மாவட்டங்களில் படம் வேறு. அங்கே பிராமணர் மட்டுமே கடப்பையில் 24 சதவீதம், விசாகப்பட்டினத்தில் 46 சதவீதம் வரை போகிறார்கள்.

இந்த எண்களை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். பள்ளிக்கூடம் பிராமணர்களின் தனிச்சொத்தாக இல்லை. அது பெரிய திருத்தம், அதைத் தரம்பால் நிறுவிவிட்டார். கேள்வி அதற்கு அடுத்த படியில்தான்.

84 சதவீதம் என்பது பள்ளியில் இருந்தவர்களில் 84 சதவீதம். சூத்திரர் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேர் பள்ளிக்கு வந்தார்கள் என்பது வேறு எண். முதல் எண்ணுக்குக் கோட்டுக்குக் கீழே இருப்பது மாணவர்களின் மொத்தம். இரண்டாவதற்குக் கீழே இருக்கவேண்டியது அந்தச் சாதியில் பள்ளி வயதில் இருந்த பிள்ளைகளின் மொத்தம். அந்த எண் 1822 படிவத்தில் கேட்கப்படவே இல்லை. மக்கள்தொகைக்கு இருந்தது மாவட்டம் முழுக்க ஒரே மொத்தம்தான்.

இது ஏன் முக்கியம் என்று காட்ட ஒரு கற்பனைக் கிராமம் எடுத்துக்கொள்வோம். பள்ளி வயதில் 100 பையன்கள். 5 பேர் பிராமண, வணிகர் வீட்டுப் பிள்ளைகள். 75 பேர் சூத்திரர் என்று கலெக்டர் ஆபீஸ் எழுதக்கூடியவர்கள். 20 பேர் சேரிப் பிள்ளைகள். திண்ணைப் பள்ளியில் 15 பேர். அதில் 2 பேர் முதல் குழு, 13 பேர் இரண்டாம் குழு, மூன்றாம் குழுவில் யாரும் இல்லை.

இப்போது சதவீதம் போடுங்கள். மாணவர்களில் சூத்திரர் 15-ல் 13, அதாவது 87 சதவீதம். மற்ற இருவர் 13 சதவீதம். தென்னார்க்காடு எண்ணுக்கு ரொம்பவே கிட்டத்தில் வந்துவிட்டோம். அதே கிராமத்தைத் திருப்பிக் கேளுங்கள்: முதல் குழுவில் 5-ல் 2 பேர் படிக்கிறார்கள், 40 சதவீதம். இரண்டாம் குழுவில் 75-ல் 13 பேர், 17 சதவீதம். மூன்றாம் குழுவில் 20-ல் 0.

ஒரே கிராமம், ஒரே 15 பிள்ளைகள். முதல் கணக்கு சமத்துவம் மாதிரித் தெரிகிறது. இரண்டாவது கணக்கில் ஏணிப்படி அப்படியே தெரிகிறது. தென்னார்க்காட்டில் உண்மையில் இப்படித்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த 84 சதவீதம் இப்படிப்பட்ட ஒரு ஊரோடும் பொருந்தும், முழுச் சமத்துவம் நிலவிய ஊரோடும் பொருந்தும் என்கிறேன். இரண்டோடும் பொருந்தும் எண் இரண்டில் எதையும் நிரூபிக்காது.

பிற்காலச் சென்சஸ்களில் மெட்ராஸ் மாகாணத்தில் பிராமணர் மக்கள்தொகையில் சுமார் மூன்று, நான்கு சதவீதம்தான். அப்படிப் பார்த்தால் மாணவர்களில் அவர்கள் 10 சதவீதம் இருந்தாலே பங்கைவிட இரண்டரை, மூன்று மடங்கு. விசாகப்பட்டினத்து 46 சதவீதத்தை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பத்தியில் யாரும் ஏமாறுவதில்லை

இந்தப் பிழை எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதற்கு அதே அட்டவணையில் ஒரு சோதனை இருக்கிறது. மன்றோ தரும் எண்படி 1,88,650 பேரில் ஆண்கள் 1,84,110. மீதி 4,540 பேர் பெண்கள். 2.4 சதவீதம். இதைப் படித்துவிட்டுப் பெண்கல்விக்குத் தடையே இல்லை என்று யாராவது ஃபார்வர்டு அனுப்புகிறார்களா? மாட்டார்கள். ஏன்? பெண்கள் மக்கள்தொகையில் பாதி என்று எல்லோருக்கும் தெரியும். கோட்டுக்குக் கீழே இருக்கவேண்டிய எண் படிவத்தில் இல்லாவிட்டாலும் நம் மண்டையில் இருக்கிறது.

சாதி விஷயத்தில் அந்த எண் மண்டையிலும் இல்லை, படிவத்திலும் இல்லை. அந்த வெற்றிடத்தில் அவரவருக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்கிறோம்.

இந்தப் பத்தியிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, சொல்லாமல் போனால் நியாயமில்லை. மலபாரில் முஸ்லிம் பையன்கள் 3,196 பேர், முஸ்லிம் பெண்கள் 1,122 பேர். மாகாணத்தின் மொத்தப் பெண்களில் கிட்டத்தட்ட கால்வாசி இந்த ஒரே கட்டத்தில். மேலோட்டமான சராசரி மறைத்துவிடும் இப்படிப்பட்ட விஷயங்கள்தான் மாவட்ட அட்டவணைகளைப் படிப்பதற்கான காரணமே.

பள்ளி வயதுப் பையன்கள் எத்தனை பேர் என்ற எண்ணைத் தானே கட்டியெழுப்பியவர் மன்றோ என்பதையும் சொல்லவேண்டும். ரெவின்யூ போர்டு 67 பேரில் ஒருவர்தான் படிக்கிறார் என்று எழுதியபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள்தொகையில் பாதி ஆண்கள். அதில் 5 முதல் 10 வயது வரை ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் சுமார் 7,13,000 பையன்கள். அதில் 1,84,110 பேர் பள்ளியில், அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் கணிப்பு. மெட்ராஸ் நகரத்தில் மட்டும் வீட்டில் படிப்பவர்கள் 26,903 என்று வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பள்ளியில் படிப்பவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேலாக இருக்கிறதே, ஏதோ தவறு இருக்கலாம் என்று அவரே சந்தேகப்படுகிறார். வந்த எண்ணைச் சந்தேகப்படுவது, எதில் எத்தனை என்று கேட்பது: 1826-ல் இது நடந்திருக்கிறது. வயதுக்கும் பாலினத்துக்கும் செய்ததைச் சாதிக்கு அவரால் செய்ய முடியவில்லை. படிவம் அதைக் கேட்கவில்லை.

‘மற்ற எல்லாச் சாதியினர்’

எங்கள் தொழிலில் ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. பூஜ்யம் வேறு, வெற்றுக்கட்டம் வேறு. ‘இல்லை’ என்பது ஒரு பதில். ‘கேட்கவில்லை’ என்பது பதிலே இல்லை. டேபிளில் இருக்கும் வரிசைகளைத் தரம்பிரித்து எண்ணுவது சுலபம். டேபிளுக்குள்ளேயே வராத வரிசையை எந்தக் க்வெரியும் திருப்பித் தராது.

1822 படிவத்தில் ‘மற்ற எல்லாச் சாதியினர்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் யார்? படிவம் சொல்லவில்லை. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பத்தி கிடையாது. தரம்பால் தன் வாதத்தில் சூத்திரரையும் இந்தப் பத்தியையும் கூட்டி ஒரே எண்ணாக்குகிறார். அப்படிக் கூட்டிய உடனே எது தெரியவேண்டுமோ அது மறைந்துபோகிறது. ‘சூத்திரர்’ பத்தியே ஏற்கெனவே பெரிய சாக்குமூட்டை. நிலமுள்ள வேளாளரும் துணி வெளுக்கிறவரும் அதில் ஒரே எண். அதற்கு மேல் இன்னொரு மூட்டையையும் சேர்த்துக் கட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

பிந்தைய வரலாறு ஒரு துப்பு கொடுக்கிறது. 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர்களுக்கு என்றே இலவசப் பள்ளி தொடங்கவேண்டியிருந்தது. பொதுப்பள்ளிகளில் அவர்களுக்கு இடம் இருந்திருந்தால் தனிப்பள்ளிக்கு என்ன தேவை? எல்லாக் கெடுதலும் நடுவில் வந்த 70 வருட ஆங்கில ஆட்சியில்தான் ஏற்பட்டது என்று வாதிடலாம். வாதிடுங்கள், ஆனால் அதற்கு 1822 அட்டவணையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அந்தச் சாட்சியிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

புத்தகத்தின் துணைத்தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 18-ஆம் நூற்றாண்டின் கல்வி என்கிறது. எண்களோ 1822-25. அதற்குள் நிலவரிச் சுரண்டலில் கிராமம் நொடித்துப்போயிருந்தது, எனவே முன்பு இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது தரம்பாலின் வாதம். கேம்பெல்லின் கடிதம் இதற்கு நல்ல ஆதரவு. வறுமையால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமுடியாமல் வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு கலெக்டரே எழுதுவது சாதாரண விஷயமில்லை. புத்தகத்தின் மிக வலுவான பகுதி இது என்பேன். ஆனாலும் அது ஊகம், எண்ணிக்கை இல்லை. கேம்பெல்லை முழுசாக ஏற்றுக்கொண்டால் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: வீட்டில் காசு இல்லாதவன் பள்ளியில் இல்லை. அப்போது சாதி வரிசையில் யார் முதலில் விழுந்திருப்பார்கள்?

இன்றைய படிவம்

200 வருடத்துக்கு முந்தைய அட்டவணைக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? படிவம் இன்னும் ஓய்வுபெறவில்லை, அதனால்தான்.

இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. முதல் 2 இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்து மாவட்டம், வட்டாரம், கிராமம், கடைசி 2 இலக்கம் பள்ளி. வருடாவருடம் மாணவர்களைப் பொது, எஸ்சி, எஸ்டி, ஓபிசி என்று பிரித்து எழுதவேண்டும். ஆண், பெண் தனியாக. மன்றோ உயிரோடு வந்தால் படிவம் அவருக்கு அந்நியமாகத் தெரியாது.

சாக்குமூட்டைகளும் தெரியும். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி என்று நாம் பிரித்துப் பார்ப்பதெல்லாம் அங்கே ‘ஓபிசி’ என்ற ஒரே மூட்டை. மாநில அரசின் எமிஸ் பதிவில் எஸ்சி அருந்ததியர் தனி, பிசி முஸ்லிம் தனி. தேசிய அட்டவணைக்குப் போகும்போது அந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு நடுவில் இருக்கும் தூரம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

கோட்டுக்குக் கீழே இருக்கவேண்டிய எண்? அதே பழைய கதை.

இன்னொரு கற்பனைக் கிராமம். 5 முதல் 10 வயதுவரை 60 பிள்ளைகள். 14 பேர் எஸ்சி, 46 பேர் ஓபிசி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 15 பேர்: 12 எஸ்சி, 3 ஓபிசி. அட்டவணையில் இந்தப் பள்ளி 80 சதவீதம் எஸ்சி மாணவர்களைக் கொண்டது. எண்ணைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி போல, அல்லது எஸ்சி பிள்ளைகள் அதிகம் உள்ள ஊர் போல. உண்மையில் ஊரில் அவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நடந்தது வேறு. 46 பேரில் 43 பேர் காலையில் மஞ்சள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

1825-ல் 84 சதவீதத்தைப் பார்த்து எல்லோரும் உள்ளே இருந்தார்கள் என்று வாசித்தோம். இன்று 80 சதவீதத்தைப் பார்த்து இது அவங்க பள்ளிக்கூடம் என்று வாசிக்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரே பிழை: உள்ளே இருப்பவர்களை எண்ணிவிட்டு வெளியே இருப்பவர்களை மறந்துவிடுவது. இன்றைய வாசிப்பு கூடுதல் கெடுதல் செய்கிறது. ‘காலனிப் பள்ளிக்கூடம்’ என்று பெயர் விழுந்துவிட்டால் மிச்சமிருக்கும் அந்த 3 பேரும் அடுத்த ஜூனில் வேன் ஏறுவார்கள். எண்ணே காரணமாகி, அடுத்த வருட எண்ணை உண்டாக்குகிறது.

சேர்க்கை குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் பட்டியலில் வைக்கவேண்டும். முதலாவது, பிள்ளைகளே குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 1.8. மக்கள்தொகை நிலைநிற்கத் தேவையான 2.1-க்குக் கீழே போய் வருஷக்கணக்காகிறது. இரண்டாவது, ஆங்கில வழி மோகம். மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போக அரசே கட்டணம் தருவது. நான்காவது, எண்ணும் முறையே மாறியது. 2022-23 முதல் யுடைஸ் பிளஸ் மொத்தத் தொகையாகக் கேட்காமல் மாணவர்வாரியாகப் பெயரோடு பதிவு கேட்கிறது. நாட்டின் மொத்தச் சேர்க்கை 2021-22-ல் 26.5 கோடி, 2022-23-ல் 25.2 கோடி. இதில் உண்மையில் குறைந்தது எவ்வளவு, இரட்டைப் பதிவு நீங்கியது எவ்வளவு என்பதைப் பிரிக்காமல் இரண்டு வருட எண்ணையும் பக்கத்தில் வைத்து அலறக்கூடாது.

இரண்டு 15-களுக்கு நடுவில்

எனக்கு வரும் ஃபார்வர்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. 1825-ல் ஊருக்கு ஊர் பள்ளி இருந்தது, எவ்வளவு பெரிய நாகரிகம் என்று ஒன்று. அதே குழுவில் அடுத்த வாரம் இன்னொன்று: 15 பிள்ளைக்கு 2 ஆசிரியர், எவ்வளவு வரிப்பண விரயம், இழுத்து மூடு. அந்தப் பழைய பள்ளியிலும் சராசரி 15-தான் என்பது இருவருக்குமே தெரியாது. அனுப்புகிறவர் பல சமயம் ஒரே ஆள்.

2 ஆசிரியர் என்பது யாரோ கொடுத்த சலுகை அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் இருக்கவேண்டும். 15 பேராக இருந்தாலும் வகுப்பு ஐந்து. நாட்டில் 2024-25 கணக்குப்படி ஓராசிரியர் பள்ளிகளே ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன என்பதைப் பார்த்தால், இந்த 2 என்பதே பல இடங்களில் கனவு.

ஆனால் அந்த 15-உம் இந்த 15-உம் ஒன்றல்ல. அன்றைய 15 பேர், கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள். முடியாதவர்கள் வெளியே நின்றார்கள். இன்றைய 15 பேர், வேனுக்கும் ஃபீஸுக்கும் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள். முடிந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். 200 வருடத்தில் பள்ளி உள்வெளியாகத் திரும்பிவிட்டது. 1825 அட்டவணையில் பெயரில்லாமல் இருந்தவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள்தான் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலைச் சாப்பாடும் அங்கேதான். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

இப்போது அந்தப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கலாமா என்று ஒரு அதிகாரி முடிவெடுக்கிறார் என்று வையுங்கள். அவர் மேசையில் இருப்பது 15 என்ற எண். நான் சொன்ன கற்பனை ஊரில் அந்த 15, எஸ்சி பிள்ளைகளில் 14-க்கு 12. ஓபிசி பிள்ளைகளில் 46-க்கு 3. மூடினால் ஊருக்கு 15 பிள்ளைகள் அளவு நஷ்டம் என்பது ஒரு வாசிப்பு. ஒரு தெருவுக்கு அநேகமாக எல்லாப் பிள்ளைகளின் பள்ளியும் போகிறது, இன்னொரு தெருவுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது இன்னொரு வாசிப்பு. 15-ஐ மட்டும் பார்த்தால் இரண்டாவது வாசிப்பு வரவே வராது.

இத்தனைக்கும் அந்தக் கீழ் எண் கிடைக்காத எண் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளின் பதிவையும் வைத்திருக்கவேண்டும் என்கிறது. வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் வேலையை ஆசிரியர்கள் தலையில்தான் கட்டுகிறோம். எந்த வீட்டுப் பிள்ளை எந்த வேனில் போகிறது என்று ஊர் டீச்சரைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். அந்த நோட்டு ஒரு பீரோவில் இருக்கிறது, சேர்க்கை எண் ஒரு வெப்சைட்டில் இருக்கிறது. இரண்டையும் கிராமவாரியாகச் சேர்த்து, பெயர் எதுவும் இல்லாமல், ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று ஒரே ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் போதும். டெக்னிக்கலாக இது பெரிய வேலையே இல்லை.

அதுவரை, பள்ளிச் சேர்க்கை அட்டவணை எதைப் பார்த்தாலும், 1825 ஆகட்டும், போன வருடம் ஆகட்டும், மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு அப்புறம் ஃபார்வர்டு செய்யுங்கள். இந்தச் சதவீதம் எதில்? எந்தப் பத்தியில் யாரையெல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்? படிவம் யாரைப் பற்றிக் கேட்கவே இல்லை?

தரம்பால் அந்த அட்டவணைகளை அச்சிடாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே நமக்கு வழி இருந்திருக்காது. அதற்காக அவருக்கு நன்றி. புத்தகத்தை வாங்கினால் பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள்.